மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்த கவரேஜும் நத்தம் ரோட்டில் நின்ற தாய்மாமனும்

கன்னிவாடி,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை விக்னேஷ்குமார் அவர்களின் சமூகத்துக்கு, மைத்துனன் பெருமாள்சாமி பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் தீபாவும் சுகம். முருங்கை நன்றாகக் காய்த்திருக்கிறது. உங்கள் மகளின் காதுகுத்துக்காக நான் வளர்த்த கிடாயும் பூரண சுகம். ஞாயிற்றுக்கிழமை மதியமே குழம்பாகியிருக்க வேண்டிய கிடாய் இன்னும் ஏன் சுகமாக இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே நத்தத்தில் நீங்களும் தங்கச்சி கௌசல்யாவும் குழந்தை தன்ஷிகாவும் பெரியவர்களும் சுகமாக இருக்க உங்கள் குலசாமியை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் அண்ணன் சோலைமுத்து அவர்களின் சுகத்தை நான் விசாரிக்கவில்லை. மறந்துபோய் விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

போனில் பேசியிருக்கலாமே என்பீர்கள். பேசினால் மாப்பிள்ளை என்றுகூடப் பார்க்காமல் வாயில் ஏதாவது வந்துவிடும். எழுதினால் அடித்துத் திருத்தலாம். இந்தத் தாளில் நாலைந்து இடத்தில் கறுப்பாக அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து என்ன எழுதியிருந்தான் என்று பார்க்க வேண்டாம். போனையும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். நீங்கள் லீவு முடிந்து சென்னைக்குத் திரும்புவதற்குள் கையில் கிடைக்க வேண்டும் என்று நத்தம் விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. உங்கள் கம்பெனி மீதுதான் கோபம். ஆனால் அந்தக் கம்பெனியில் நீங்கள்தான் மேனேஜர் என்பதால் அந்தக் கோபம் சுற்றிக்கொண்டு எங்கே வருகிறது என்று பாருங்கள். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது என் போனை வாங்கி எதையோ தட்டினீர்கள். "மச்சான், இனிமே உங்க வண்டி எங்க நின்னாலும் கவலையே இல்ல. ரோட்சைடு அசிஸ்டன்ஸ் போட்டுட்டேன். ஒரு போன் அடிங்க, ஆள் வரும். அங்கயே சரியாகலைன்னா வண்டியைத் தூக்கிட்டுப் போயி சர்வீஸ் சென்டர்ல விட்டுருவாங்க. ஒண்ணே ஒண்ணு, வெளியாள் யாரையும் கைவைக்க விட்றாதீங்க, வண்டியை விட்டு நகராதீங்க, கவரேஜ் போயிரும்" என்றீர்கள். பிறகு தபாலில் வந்த கவரேஜ் கார்டை நான் பழனியாண்டவர் படத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சூடம் காட்டினேன். மாப்பிள்ளை ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தால் அதை அவர் கண் பார்க்க ஒரு தடவையாவது கட்டிக் காட்டுவது நம்ம பக்கத்து முறை. கவரேஜை எப்படிக் கட்டிக் காட்டுவது? வண்டி எங்கேயாவது நின்றால்தான் உண்டு. உள்ளதைச் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி நின்றபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது என் செருப்பை எடுத்து என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கிடாயை ஏன் பைக்கில் கொண்டுவந்தாய் என்று உங்கள் பக்கத்தில் கேட்கிறவர்கள் இருப்பார்கள். வேனில்தான் ஏற்றினோம். சீர்த்தட்டும் மேளக்காரர்களும் பெண்களும் ஏறி உட்கார்ந்த பிறகு, அது எங்கள் சின்னம்மா அய்யம்மாளின் தலையில் இருந்த மல்லிகைப்பூவை முழுசாகத் தின்றுவிட்டது. கொண்டையையும் கொஞ்சம் ருசி பார்த்திருக்கிறது. "இது எறங்குதா, நான் எறங்கவா?" என்று சின்னம்மா கேட்டதும் எல்லோரும் சின்னம்மாவைப் பார்த்துவிட்டுக் கிடாயை இறக்கினார்கள். அதை ஒரு சாக்கில் இறக்கி, தலை மட்டும் வெளியே தெரிய, என் வண்டியின் பின் சீட்டில் வைத்து ரப்பர் ட்யூபால் இறுக்கிக் கட்டினேன். வேன் முன்னால் போய்விட்டது. பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, பின்னால் கிடாய் என்று மாமன் ஜோராகப் புறப்பட்டேன். திண்டுக்கல்லைத் தாண்டினேன். நத்தம் ரோட்டில் சிறுமலைக்குத் திரும்பும் இடத்தையும் தாண்டினேன். அங்கேதான் வண்டி இரண்டு தும்மல் போட்டு நின்றது. உதைத்துப் பார்த்தேன், தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை.

இப்போது உங்கள் அண்ணன் வருகிறார். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மாலை வாங்கிக்கொண்டு தன் குட்டியானை லோடு வண்டியில் வந்தவர் என்னைப் பார்த்து நிறுத்தினார். பின்னால் இடம் காலியாகத்தான் இருந்தது. "என்னப்பு, மக்கர் பண்ணுதா? தூக்கிப் போடு, வண்டி கிடாய் நீயின்னு எல்லாம் சேந்து ஏறுங்க, போவோம்" என்றார். ஏறியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா மாப்பிள்ளை? "இல்லண்ணே, மாப்பிள்ளை கவரேஜ் போட்டுக் குடுத்துருக்காரு, அவுக ஆளு வந்து பாத்துக்கிருவாக" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். உங்கள் பெருமையைத்தான் பேசினேன். அவர் என்னையும் கிடாயையும் ஒரு பார்வை பார்த்து, "அப்பச் சரி, செத்த நேரத்துல வந்து சேரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பார்வைக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை. இன்னும் ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் ஏறியிருப்பேன். கூப்பிடவில்லையே! வேண்டுமென்றேதான் கூப்பிடவில்லை என்று நான் சொல்வேன், நீங்கள் என்ன சொன்னாலும் சொல்வேன்.

உங்கள் கம்பெனிக்குப் போன் போட்டேன். பாட்டு, அறிவிப்பு, மறுபடி பாட்டு எல்லாம் முடிந்து ஆனந்தி என்று ஒரு பெண் பேசியது. நல்ல பிள்ளை, அதைக் குறை சொல்லவில்லை. "நீங்க பாதுகாப்பான இடத்துல இருக்கீங்களா சார்?" என்றது. "புளியமரத்தடியில நிக்கிறேன் தாயி" என்றேன். "வண்டியில நீங்க மட்டும்தானா, பின்னாடி யாராவது இருக்காங்களா?" என்றது. "பின்னாடி நம்மாளு ஒருத்தன் இருக்கான்" என்றேன். கிடாயை நான் அப்படித்தான் சொல்வது வழக்கம், உங்களுக்கே தெரியும். "அவருக்கு அடி, காயம் ஏதாவது உண்டா சார்?" "ஒரு காயமும் இல்ல. மதியத்துக்குத்தான் வெட்டுறோம்." "சார்?" என்றது. "கோயில்ல வச்சுத்தான் தாயி வெட்டுவோம், ரோட்டுல போட்டெல்லாம் வெட்ட மாட்டோம்" என்று விளக்கமாகச் சொன்னேன். மறுபடி பாட்டு. அடுத்து ஒரு ஆள் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், நீங்க பதற்றப்படாம இருங்க. எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம். பின்னாடி இருக்கிறவர்கிட்ட போனைக் குடுங்க" என்றான். கொடுத்தேன். கிடாய் பேசியது. அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது.

புரிந்ததோடு முடிந்ததா? "சார், உங்க லொகேஷன் சிறுமலைன்னு காட்டுது. உங்க பிளான்ல மலைப்பகுதிக்கு கவரேஜ் கிடையாது" என்றான் அந்த ஆள். "நான் மலையில இல்லய்யா. மலை அந்தா அங்கிட்டு இருக்கு, நான் இங்கிட்டு நிக்கிறேன்." "சிஸ்டத்துல மலைன்னு இருக்கு சார். கொஞ்சம் கீழ இறங்கி வந்து கூப்பிடுங்க." "தரைக்குக் கீழ எங்கய்யா எறங்குறது, கெணத்துலயா?" என்று கத்தினேன். அவன் கோபப்படாமல் மறுபடியும் அதையே சொன்னான். மரியாதையாகப் பேசுகிறவனிடம் சண்டை போட முடியாது மாப்பிள்ளை, அதுதான் உங்கள் கம்பெனியின் சாமர்த்தியம். கடைசியில் வண்டியைத் திண்டுக்கல் பக்கமாகவே திருப்பித் தள்ளிக்கொண்டு போனேன். எங்கே உங்கள் மகள் காத்துக்கொண்டிருக்கிறாளோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் தள்ள, பின்னால் கிடாய் கத்த, பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தார்கள். ஒருவன் போட்டோ எடுத்தான். ஒரு வழியாகப் போனில் மலை போய்ச் சமவெளி வந்தது. "இப்ப ஓகே சார், ஆள் புறப்பட்டாச்சு" என்றார்கள்.

எங்கிருந்து புறப்பட்டார்கள் என்று கேளுங்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்தாம்! திண்டுக்கல்லில் ஆளே இல்லையா? நான் மரத்தடியில் நிற்கிறேன், தீபா போன் மேல் போன் போடுகிறாள். "ஏங்க, எல்லாரும் மாமன் எங்க மாமன் எங்கன்னு கேக்குறாக. ஆசாரி வந்து உக்காந்துட்டாரு. அந்த வண்டியை அங்கயே போட்டுட்டு பஸ்ஸப் புடிச்சு வாங்க" என்றாள். "வண்டியை விட்டு நகந்தா கவரேஜ் போயிரும்டி, மாப்பிள்ளை படிச்சுப் படிச்சுச் சொல்லிருக்காரு" என்றேன். அவள் என்னவோ சொன்னாள். அதைக் கடிதத்தில் எழுத முடியாது. நத்தம் பஸ் ஒன்றன்பின் ஒன்றாக என் கண் முன்னால் போனது. நான் உங்கள் வார்த்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

வண்டி ஏற்றும் லாரி வந்தது. ஓட்டிவந்தவர் பெயர் செபஸ்தியான். வந்ததும் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினார். கிடாயும் எல்லா போட்டோவிலும் முகத்தைக் காட்டியது. எடுத்து முடித்ததும் நான் ட்யூபை அவிழ்க்கப் போனேன், கையைப் பிடித்துவிட்டார். "ஏனுங்க, என்ன பண்றீங்க? வண்டி எந்த நெலமையில இருந்துச்சோ அப்படியே போட்டோ போயிருச்சுங்க. இனி ஒரு நட்டு கொறஞ்சாலும் என்னையத்தானுங்க கேப்பாங்க." "இது நட்டு இல்லய்யா, கிடாய்." "போட்டோவுல இருக்குதுங்களே." "சரி, அப்ப என்னையும் ஏத்திக்க." "ஆளை ஏத்தக் கூடாதுங்க. வண்டிக்கு மட்டுந்தானுங்க கவரேஜ்." எவ்வளவோ மல்லுக்கட்டினேன். நத்தத்தில் இறக்கிவிடு என்று கெஞ்சினேன். பக்கத்தில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குத்தான் போகணும் என்று, அதுவும் திண்டுக்கல்லுக்கு, கிளம்பிவிட்டார். என் வண்டி மேலே நிற்கிறது, அதன் மேல் என் கிடாய் உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறது, தாய்மாமன் ரோட்டில் நிற்கிறேன். கிடாய்க்குக் கிடைத்த கவரேஜ் எனக்குக் கிடைக்கவில்லை. இதற்கு உங்கள் கம்பெனி என்ன பதில் சொல்லும்?

அப்போதாவது நேராக நத்தம் வந்திருக்கலாம். ஆனால் தாய்மாமன் வெறுங்கையோடு வருவதா? கிடாய் இல்லாமல் உங்கள் குலசாமி முன்னால் நான் எந்த முகத்தோடு நிற்பது? ஆட்டோ பிடித்துத் திண்டுக்கல் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வண்டியை உள்ளே இறக்கி வைத்த கையோடு சென்டரைப் பூட்டிவிட்டார்கள். கம்பிக்கதவுக்குள் பார்த்தால், எவனோ பாவம் பார்த்து அவிழ்த்துவிட்டிருக்கிறான், கிடாய் வரவேற்பு மேசை மேல் முன்னங்காலை வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் குறை எழுதுகிற தாள்களை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது. காவல்காரர், "சாவி மொதலாளிகிட்ட இருக்கு, அவரு ஒரு காதுகுத்துக்குப் போயிட்டாரு, நாளைக்குக் காலையில வாங்க" என்றார். அவருக்குப் போக முடிகிறது பாருங்கள், காதுகுத்துக்கு!

அங்கிருந்து பஸ் பிடித்து நத்தம் வந்து இறங்கி மண்டபத்தைப் பார்க்க ஓடிவந்தேன். பஸ் ஸ்டாப்பிலேயே மைக் சத்தம் கேட்டது. "தாய்மாமன் பெருமாள்சாமி அவர்கள் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்." வாரேன் வாரேன் என்று ரோட்டில் கத்திக்கொண்டே ஓடினேன். மைக்குக்கு அது கேட்குமா? வாசலில் வாழைமரத்துக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஃபிளக்ஸ் வைத்திருந்தீர்களே, அதில் என் போட்டோ, தாய்மாமன் என்று கொட்டை எழுத்து, எல்லோரையும் வருக வருக என்று கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன். அதன் முன்னால் வந்து மூச்சு வாங்கும்போது மைக்கில் சொன்னார்கள். "நல்ல நேரம் முடியப்போவதால் குழந்தையின் பெரியப்பா சோலைமுத்து அவர்கள் மடியில் வைத்துக் காது குத்தப்படுகிறது." அடுத்தது தன்ஷிகா வீறிட்டு அழுத சத்தம், மைக்கிலேயே.

மாப்பிள்ளை, அவள் பிறந்தபோது அவள் நாக்கில் சேனைச் சர்க்கரைத்தண்ணி தொட்டு வைத்தது நான். முதல் மொட்டையும் என் மடியில்தான். என்னைப் பெருமா மாமா என்று கூப்பிடுகிற ஒரே ஆள் இந்த உலகத்தில் அவள்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மடி ஒன்றுதான் எனக்கு இருந்த உரிமை. அதை உங்கள் அண்ணன் எடுத்துக்கொண்டார். நான் ரோட்டில் நிற்கிறேன் என்று தெரிந்தே எடுத்துக்கொண்டார். நான் உள்ளே வரவில்லை. கை நனைக்காமல் வாசலோடு திரும்பிவிட்டேன். கோபம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். அழுதுகொண்டிருக்கும்போது உங்கள் கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்தது. உங்கள் வாகனம் பத்திரமாகச் சேர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று. போனை ஜன்னல் வழியாக எறியப் போய், பக்கத்தில் இருந்தவர் தடுத்ததால் அணைத்துப் பையில் போட்டேன்.

சாயங்காலம் வேனில் திரும்பி வந்த தீபா மண்டபத்தில் நடந்ததைப் பற்றிப் பேச வாயெடுத்தாள். அந்தப் பேச்சை இந்த வீட்டில் எடுத்தால் நடக்கிறதே வேறு என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை போய் வண்டியையும் கிடாயையும் கொண்டுவந்தேன். ப்ளக்கில் கரி பிடித்திருந்ததாம், துடைத்துப் போட்டதும் ஓடுகிறதாம். ரோட்டில் போன எந்த மெக்கானிக்கும் நின்ற இடத்திலேயே துடைத்துக் கொடுத்திருப்பான். நான்தான் வெளியாள் கையை வைக்க விடக் கூடாதே!

ஆகவே என் முடிவைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஒன்று, கவரேஜ் கார்டை நாலாகக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். வேண்டுமானால் ஒட்டி உங்கள் அண்ணனுக்குக் கொடுங்கள். அடுத்தது, அவர் கன்னிவாடிக்கு வந்து, ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் முன்னால், தாய்மாமன் இடத்தில் உட்கார்ந்தது தப்பு என்று சொல்லாதவரை நான் உங்கள் வீட்டுப் படி ஏறப்போவதில்லை. சடங்குக்கும் வரமாட்டேன், கல்யாணத்துக்கும் வரமாட்டேன். மடியே போன பிறகு மாமனுக்கு அங்கே என்ன வேலை? கிடாயை எங்கள் ஊர்ச் சாமிக்கு விட்டுவிடுகிறேன். இதில் மாற்றம் கிடையாது. நான் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான், அதைத் தங்கச்சியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மற்றபடி பெரியவர்களுக்கு என் வணக்கம். தங்கச்சி வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும். குழந்தைக்கு மாமனின் ஆசீர்வாதமும் முத்தமும். குத்தின காதுக்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவச் சொல்லவும். உங்களுக்கு நோய்நொடி இல்லாத நீண்ட ஆயுளையும் உங்கள் கம்பெனிக்கு நல்ல புத்தியையும் பழனியாண்டவர் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
மன வேதனையுடன்,
கன்னிவாடி பெருமாள்சாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால், எழுத்துப்பிழை இருந்தால் சொல் என்று தீபாவிடம் கொடுத்தேன். கடைசிவரை வாசித்துவிட்டுச் சிரிக்கிறாள். "குத்தின காதுன்னு சரியாத்தான் எழுதிருக்கீக. ஒத்தக் காதுதான் குத்திருக்கு" என்றாள். ஆசாரி இடது காதைக் குத்தினதுமே தன்ஷிகா உங்கள் அண்ணன் கையை நறுக்கென்று கடித்துவிட்டு, மடியிலிருந்து இறங்கி மேடைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாளாமே! "பெருமா மாமா வந்தாத்தான் இந்தக் காது" என்று வலது காதைப் பொத்திக்கொண்டு, பொம்மை காட்டியும் மிட்டாய் காட்டியும் வெளியே வரவில்லையாமே! உங்கள் அண்ணனே, "மாமன் வரட்டும், நான் உக்காந்தது தப்பு" என்று மைக்கில் சொல்லிவிட்டு எழுந்தாராமே! வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று தங்கச்சி நேற்றும் இன்றும் தீபாவுக்குப் போன் போட்டதாம். இத்தனை நடந்திருக்கிறது, என்னிடம் ஏன்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டால், அந்தப் பேச்சை எடுக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு என்கிறாள்.

எனவே மேலே எழுதியதில் சுகம் விசாரித்ததைத் தவிர வேறு எதையும் வாசிக்க வேண்டாம். ஏற்கெனவே வாசித்திருந்தால் மறந்துவிடவும். உங்கள் அண்ணனுக்குக் கடிவாய் ஆறிவிட்டதா? தடுப்பூசி எதுவும் தேவைப்படாது, நம்ம பிள்ளைதானே. வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் கிடாயோடு வந்து சேர்ந்துவிடுவேன். நடந்தாவது வருவேன். அதுவரைக்கும் அந்த வலது காதில் ஒருத்தர் கையும் படக் கூடாது, சொல்லிவிட்டேன்.